பால்மாவு டின்

செல்லாயி பார்த்த ஆயாக் கொட்டகையில் பிள்ளை அழாது. இந்தப் பேரை அவள் இருபது வருஷம் காப்பாற்றி வைத்திருந்தாள். மற்றத் தோட்டங்களில் அந்தப் பக்கம் போனாலே காது கிழியும். இங்கே முப்பது பிள்ளைகளும் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, பூசைக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். பெரிய துரையே ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பொம்பிளைக்கு அரிசி கூடக் கொடு என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெற்றவர்கள் நிம்மதியாக ரப்பர்ப் பால்மரம் சீவினார்கள். வீரம்மாவும் அப்படித்தான் சீவினாள். செல்லாயி அவளுக்கு நாத்தனார் வேறு. சொந்த அத்தையே ஆயாவாக இருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை?

பிள்ளை இருளாயி. குலசாமி பேர். பிறந்தபோதே அழ நேரமெடுத்தவள், நடக்க நாலு வருஷம் எடுத்தாள், பேச்சு 'ம்மா'வோடு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் எட்டு வயதுவரை கொட்டகையிலேயே கிடந்தாள். எழுபத்தெட்டில் வீரம்மாவின் புருஷன் ராஜுவுக்குச் சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டுகிற வேலை கிடைத்து, குடும்பம் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் மலை, மலையடியில் ஒரு ரம்புத்தான் மரம், வாடகை நூற்றுப் பத்து வெள்ளி.

இப்போது இருளுவுக்குப் பதினாலு. தட்டை வீசுவாள். தன் புறங்கையைத் தானே கடித்துப் பிய்ப்பாள். சுவரில் தலையை முட்டுவாள். வீரம்மா ஒரு பள்ளிக்கூடக் கெண்டினில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்; அந்த வேலையும் இவளால் போனது. பக்கத்து வீட்டுச் சீனத்தி, பாவம், சண்டைக்கு வரமாட்டாள். வானொலியை மட்டும் சத்தமாக வைத்துக்கொள்வாள்.

அடித்துப் பார்த்தாள். கட்டிப் பார்த்தாள். பூசாரி சன்னாசியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தும் பார்த்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொல்லித்தான், ஈப்போவில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடந்த வகுப்புக்குப் போனாள். பிள்ளைகளுக்கான வகுப்பு இல்லை, பெற்றவர்களுக்கானது. நடத்தியவர் பூமணி டீச்சர். சிலோன்காரர், பென்ஷன் வாங்கிய நர்ஸ், கஞ்சி போட்ட சேலை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. முதல் நாளே வீரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையை அடிக்கிறனீங்களோ?"

"அடிக்காம எப்படிங்க டீச்சர்? தட்டு ஒடையுதுல்ல."

"அடிச்சு எத்தனை வருசம்?"

"ஆச்சு, அஞ்சாறு வருசம்."

"தட்டு உடையிறது நிண்டதோ?"

வீரம்மாவுக்குச் சுரீரென்றது. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் முந்தினநாள் உடைந்த தட்டு ஞாபகம் வந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

"பாருங்கோ," என்றார் டீச்சர். "பேசத் தெரியாத பிள்ளை கையாலயும் காலாலயும் பேசும். என்னத்தைச் சொல்லுது எண்டு முதல்ல கண்டுபிடியுங்கோ. ஒவ்வொரு தரமும் அதுக்கு முன்னால என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீங்கள். மூண்டையும் கொப்பியில எழுதுங்கோ. நல்லதைச் செய்தா உடனே கையில ஏதும் குடுங்கோ. சின்னதாக் குடுங்கோ, ஆனா உடனே குடுக்கோணும். விளங்குதே?"

விளங்கியது. ஆனால் வீரம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் இருளு அடுத்த தட்டை உடைத்துவிடுவாள். அதனால் அவள் தனக்குத் தெரிந்த வழியில் செய்தாள். தோட்டத்தை விட்டு வரும்போது மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் கொஞ்சம் எடுத்து வந்திருந்தாள். ஏழு மங்கை அடுப்பங்கரைப் பலகையில் வரிசையாக வைத்தாள். கிழமைக்கு ஒன்று. இருளு ஒருமுறை கத்திக் கடித்தால், அன்றைய மங்கில் ஒரு கித்தாக் கொட்டை, ரப்பர் மரத்து விதை.

ஒரு மாதம் கழித்து ஏழு மங்கையும் பையில் போட்டு பஸ் ஏறினாள். வகுப்பில் மற்றவர்கள் கொப்பியை விரிக்க, இவள் மேசையில் மங்கை அடுக்கினாள். யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். திங்கட்கிழமை மங்கு வழிந்தது. செவ்வாயில் பாதி. பிறகு குறைந்துகொண்டே போய், ஞாயிறு மங்கு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கொட்டைகூட இல்லை.

"ஞாயிறு என்ன?"

வீரம்மா கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னாள். "ஞாயித்துக்கெழம எங்க அண்ணி வருவாங்க டீச்சர். வீட்டுக்காரரோட அக்கா. தோட்டத்துல ஆயாவா இருந்தவங்க. அவங்க வந்து ஒக்காந்தா இவ மூச்சு விடமாட்டா. கைகூட அசையாது. எனக்குத்தான் அடங்கமாட்டேங்குறா."

"நல்ல மனுசி போல," என்றார் டீச்சர். பிறகு திங்கள் மங்கைக் கையில் எடுத்துக் குலுக்கினார். "ஆனா ஞாயிறு கை அசைக்காத பிள்ளை, திங்கள் ஏன் வெடிக்குது? சும்மா இருக்கிறதும் ஒரு செய்கைதான் வீரம்மா. அதுக்கு முன்னாலயும் ஏதோ நடக்கும். அதைப் பாருங்கோ."

அடுத்த ஞாயிறு வீரம்மா அடுப்படியில் நின்றபடி பார்த்தாள். கோழி வெந்துகொண்டிருந்தது. வெளியே பெருமழை, மலையே தெரியவில்லை. செல்லாயி முன்வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, குடையை உதறி, வழக்கம்போல வெற்றிலை டின்னை மடியில் வைத்தாள். பழைய பால்மாவு டின். கொட்டகைக் காலத்திலிருந்தே அவளோடு இருப்பது. படமெல்லாம் தேய்ந்து தகரம் தெரிந்தது.

இருளு தட்டைத் தூக்கினாள்.

செல்லாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோதிர விரலால் டின் மூடியில் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக்.

இருளு தட்டைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கண் மட்டும் அந்த டின்னைவிட்டு நகரவில்லை.

"பாத்தியா," என்று ராஜு சிரித்தான். "எங்கக்கா கைராசி. தைப்பூசம் முடிஞ்சதும் அக்கா இங்கயே வந்துரட்டும் வீரம்மா. தோட்டத்த வித்துட்டானுங்க, லயத்த இடிக்கப் போறானுங்க. அக்கா மகன் அருச்சுனன் வீட்டுல எடமில்ல. அக்கா புள்ளயப் பாத்துக்கட்டும், நீ மறுபடி வேலைக்குப் போலாம்."

"நான் பாத்துக்கிறேன் தம்பி," என்றாள் செல்லாயி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "இவள நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

வீரம்மா கையில் கரண்டியோடு நின்றாள். குழம்பு அடிப்பிடித்தது.

மறுநாள் இருளு தன் கையை எலும்பு தெரியக் கடித்தாள். மருந்து போடும்போது வீரம்மா அந்தக் கையை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பழைய தழும்பு. தோட்டத்தில் இருந்தபோது அவை சிவப்பாக இருந்தன. கேட்டதற்கு, கொசுக்கடி, எண்ணெய் தடவு என்று செல்லாயி சொன்னாள். வீரம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஈப்போ பக்கம் சிலிபினில் மாரியம்மா இருந்தாள். தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக்காரி மகள், இருளுவைவிட மூன்று வயது மூத்தவள், இப்போது சட்டை தைக்கும் பெக்டரியில் வேலை. கொட்டகையில் இருவரும் ஒன்றாகக் கிடந்தவர்கள். வீரம்மா போனபோது அவள் வேலை முடிந்து வந்து மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் கதையெல்லாம் பேசினார்கள். யார் செத்தது, யாருக்குக் கல்யாணம். மாரியம்மா சிரித்துச் சிரித்துப் பேசினாள். பேச்சோடு பேச்சாக வீரம்மா மேசையிலிருந்த பிஸ்கட் டின்னை இரண்டு தட்டு தட்டினாள்.

மாரியம்மாவின் கை வெடுக்கென்று மேசைக்கடியில் போய்விட்டது. கோப்பை சாய்ந்து மைலோ ஓடியது. பதினேழு வயதுப் பெண், சம்பளம் வாங்குகிறவள், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னாது புள்ள அது?" என்றாள் வீரம்மா.

"ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியாது. சொல்லு."

"முசுறு." மாரியம்மா சிந்திய மைலோவையே பார்த்தாள். "மரத்துல எலயச் சேத்து ஒட்டிக் கூடு கட்டுமே, செவப்பு எறும்பு. அதக் கூட்டோட ஒடச்சு டின்னுல போட்டு மூடி வச்சிருப்பாங்க. அழுதா மூடியத் தட்டுவாங்க. அதுக்கும் அழுதா கையப் புடிச்சு உள்ள விட்டுருவாங்க. சத்தம் போட்டா இன்னொருவாட்டின்னு சொல்லுவாங்க. எங்களுக்கெல்லாம் ஒருவாட்டி ரெண்டுவாட்டி பட்டதும் புத்தி வந்துருச்சு. சத்தம் போடாம அழக் கத்துக்கிட்டோம். இருளுவுக்கு அது புரியலக்கா. அவ கத்திக்கிட்டே இருப்பா. அதனால அவளுக்குத் தெனமும்."

"தெனமுமா?"

"தெனமும்தான். நான் பள்ளிக்கூடம் போன பொறவும் பாத்திருக்கேன். எட்டு வருசம்லா."

வீரம்மா பஸ்ஸில் திரும்பியபோது அழவில்லை. அழுகை வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். விடிகாலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நேரமாச்சு என்று, தன் சாரோங்கைப் பிடித்துத் தொங்கிய பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, முதுகில் ஒரு அறை வைத்துக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு ஓடியது நினைவுக்கு வந்தது. அந்த நினைவை அவள் உடனே செல்லாயியின் பக்கம் திருப்பிவிட்டாள். எல்லாம் அவள் செய்தது. அவள் ஒருத்தி செய்தது. பாவி, நாசமாய்ப் போகிறவள், என் பிள்ளை கையைத் தின்னக் கொடுத்தாளே என்று வீடு வரும்வரை மனசுக்குள் சபித்துக்கொண்டே வந்தாள்.

ராஜுவிடம் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"ஆத்தா செத்தப்புறம் என்ன வளத்தது எங்கக்கா. அது கை என்னா கைன்னு எனக்குத் தெரியும். அந்த மாரியம்மா சின்னப் புள்ள, ஏதாச்சும் ஒளறும். ஒனக்குப் புள்ள அடங்கல, அக்காவுக்கு அடங்குது. அதான் ஒனக்குப் பொறுக்கல."

"அந்தக் கையில இருக்குற தழும்பப் பாருங்க."

"கடிச்சுக்கிறது அவதானே? தைப்பூசம் முடிஞ்ச ஞாயிறு அக்கா வருது. பேச்ச விடு."

விட்டாள்.

அடுத்த ஞாயிறு பாசாரிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தாள். ரோஜா நிறம், உள்ளே நாலு அறை. "அண்ணி, அந்தத் தகரம் துருப்புடிச்சுப் போச்சு. வெத்தல கெட்டுரும். இதுல வச்சுக்குங்க," என்று தன் கையாலேயே வெற்றிலையை மாற்றிக் கொடுத்தாள். செல்லாயிக்கு வாயெல்லாம் பல். பழைய டின் அடுப்பங்கரைக்குப் போனது.

அன்றைக்கே இருளு கத்தினாள். செல்லாயி புது டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். பொத், பொத். இருளு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கத்தினாள். "அந்தப் பழைய டின்னு எங்க வீரம்மா?" என்று செல்லாயி கேட்டாள். "கழுவிக் காயப் போட்டிருக்கேன் அண்ணி, எங்க போயிரும்," என்றாள் வீரம்மா.

சனிக்கிழமை டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், புள்ளைக்கு ஒரு டின்ன கண்டாப் பயம். அந்தப் பயத்த எடுக்கணும். அதே டின்ன அவ கையால எங்க அண்ணிக்கு எடுத்துக் குடுக்கணும். மூடியத் தட்டி, தொறந்து, கையில குடுக்கணும். வெத்தலைக்கு."

பூமணி டீச்சர் மகிழ்ந்துபோனார். "நல்ல யோசனை. பயமும் போகும், மரியாதையும் பழகும். ஆனா ஒரே நாள்ல முழுதும் கேக்கக்கூடாது. துண்டு துண்டாப் பிரியுங்கோ. முதல்ல டின் தூரத்தில இருக்கட்டும். கத்தாம இருந்தா ஒரு கடலை. பிறகு ஒரு அடி கிட்ட. பிறகு தொடுறது. ஒவ்வொண்டுக்கும் கடலை, ஒவ்வொண்டுக்கும் ஒரு நல்ல சொல். அவசரப்பட்டா எல்லாம் போயிடும்."

வீரம்மா அவசரப்படவில்லை. மரம் சீவியவள் அவள். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாகச் சீவினால் பால் வராது என்று கைக்குத் தெரியும். தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். டின்னை வாசலில் வைத்தாள். இருளு கையைத் தொடைக்கடியில் செருகினாள். வீரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கை வெளியே வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஒரு வறுகடலை, கச்சாங் பூத்தே, கொடுத்தாள். "கெட்டிக்காரி." டின் ஒரு அடி கிட்ட வந்தது. மறுபடி கச்சாங் பூத்தே. மறுபடி கெட்டிக்காரி. தீபாவளி போனது. மார்கழி மழையில் ஒருநாள் இருளு விரல் நுனியால் டின்னைத் தொட்டாள். வீரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிமிஷம் மட்டும் பழியெல்லாம் மறந்துபோயிருந்தது.

பிறகு மூடியைத் தட்ட. திறக்க. காலி டின்னுக்குள் தன் கையை விட்டு உள்ளேயிருந்து கடலை எடுக்க. அதன்பிறகுதான் டீச்சரிடம் சொல்லாத பாடம். துணியைச் சுருட்டிப் பொம்மை செய்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பொம்மையின் கையைப் பிடி. உள்ளே விடு. அழுத்து. விடாதே. கெட்டிக்காரி.

அந்த நாலு மாதத்தில் திங்கள் மங்கில் கொட்டை குறைந்துகொண்டே வந்தது. டீச்சர் வகுப்பில் மங்கைத் தூக்கிக் காட்டி, வீரம்மாவைப் பார்த்துப் படியுங்கோ என்று எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். வீரம்மா தலைகுனிந்து நின்றாள்.

தைப்பூசம் கழிந்த ஞாயிறு விடிந்ததும் வீரம்மா நீளக் கத்தியோடு ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். முசுறுக் கூடு தேங்காய் அளவு இருந்தது. கையில் ஐந்தாறு கடி வாங்கினாள். கடுகடுவென்று ஏறியது. இதுதானா, எட்டு வருஷம் இதுதானா என்று கேட்டுக்கொண்டே கூட்டைப் பழைய டின்னில் அடைத்து மூடியை அழுத்தினாள்.

பதினொரு மணிக்கு லோரி வந்தது. ராஜுவும் அருச்சுனனும் தகரப் பெட்டியையும் பாயையும் இறக்கினார்கள். செல்லாயி சாமி படத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் இருளு புறங்கையை வாயில் வைத்துக் கத்த ஆரம்பித்தாள்.

"இந்தா, வந்ததும் வராததுமா தொடங்கிட்டா," என்றாள் செல்லாயி. "அந்த டின்ன எடுத்துட்டு வா வீரம்மா. அது இருந்தாத்தான் இவ எனக்கு அடங்குவா."

"எடுத்து வச்சிருக்கேன் அண்ணி. இருளு, அத்தைக்கு டின்னு குடு."

இருளுவின் கத்தல் நின்றது. அடுப்பங்கரைக்குப் போனாள். இரண்டு கையாலும் டின்னை ஏந்தி வந்து செல்லாயியின் மடியில் வைத்தாள். ராஜு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அட, என் மகளாடி நீ," என்றான்.

டொக், டொக்.

செல்லாயியின் சிரிப்பு பாதியில் நின்றது. இருளு மூடியைத் திறந்து, அத்தையின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பதினாலு வயது, சுவரை முட்டி வளர்ந்த பலம்.

"ஏ புள்ள, வேணாம்... வீரம்மா! முசுறுடி, உள்ள முசுறு!"

"சத்தம் போடாதீங்க அண்ணி," என்றாள் வீரம்மா. "சத்தம் போட்டா இன்னொருவாட்டி."

கை உள்ளே போனது. மணிக்கட்டு வரைக்கும் போனது. இருளு விடவில்லை. விடக்கூடாது என்று பழகியிருந்தாள். செல்லாயி பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது, ஆனால் சத்தம் வரவில்லை. அந்த வாசகத்தின் அர்த்தம் அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ராஜு பாய்ந்து வந்து டின்னைத் தட்டிவிட்டான். அக்காவின் கை முழுக்கச் சிவப்பாக ஊர்ந்தது. அவன் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே, "என்னாக்கா இது? என்னா இது?" என்று கேட்டான். பெண்டாட்டியைக் கேட்கவில்லை. அக்காவைத்தான் கேட்டான்.

செல்லாயி மூச்சு வாங்கினாள்.

"முப்பது புள்ளைங்கடா. நான் ஒருத்தி. சத்தம் கேட்டா கிராணி பேரக் கிழிச்சுருவான். என்னா செய்யச் சொல்ற?" பிறகு வீரம்மாவின் பக்கம் திரும்பினாள். வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "எனக்கு இது வேணும், சரி. ஆனா தெனமும் காலையில அவ கையப் பிரிச்சுப் பிரிச்சு எங்கிட்ட குடுத்துட்டு ஓடுனது யாரு? விட்டுட்டுப் போகாதன்னு அவ ஒங்கிட்டதானடி கத்துனா. அதுக்கு நான் என்னா செய்ய?"

அருச்சுனன் பெட்டியை மறுபடி லோரியில் ஏற்றினான். லோரி போன பிறகும் ராஜு வாசலிலேயே நின்றான். உள்ளே இருளு வீரம்மாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். கச்சாங் பூத்தே. வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள், கூலி வேண்டும். வீரம்மா ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தாள்.

"கெட்டிக்காரி," என்றாள். சொல்லும்போது உடம்பெல்லாம் இனித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எட்டு வருஷத்துக்கு ஒரு நிமிஷம், அதுவும் குறைவுதான் என்றே அவளுக்குப் பட்டது.

மறுநாள் திங்கள். ராஜு வேலைக்குப் போனான். காலை வெயில் மலையில் பட்டுச் சுண்ணாம்புப் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. வீரம்மா முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருளு வந்தாள். கையில் டின். எங்கே கிடந்ததை எடுத்தாளோ, மூடி போட்டிருந்தது.

அம்மாவின் மடியில் வைத்தாள்.

டொக், டொக்.

"வேணாம்மா," என்றாள் வீரம்மா. "அது நேத்தோட முடிஞ்சுபோச்சு."

இருளு மூடியைத் திறந்தாள். உள்ளே காய்ந்த இலைச் சுருள் கிடந்தது. அதற்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. இருளுவின் முகத்தில் கோபம் இல்லை. பழக்கிய வேலையைச் செய்கிற முகம். அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வீரம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரியும். பெரட்டுக்கு நேரமான எத்தனையோ காலைகளில் பிரித்திருக்கிறாள்.

பிரிக்கவில்லை. கையைத் தளர விட்டாள். இருளு அதை உள்ளே விட்டு அழுத்தினாள்.

வீரம்மா சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடது கையால் சாரோங் மடிப்பைத் துழாவி, ஒரு கச்சாங் பூத்தேயை எடுத்து மகளுக்கு நீட்டினாள்.